முதல் ஆர்டரைப் பிடித்துத் தருவது யார்?

கேள்வி: வளரும் நாடுகளின் சிறு தொழில்களை ஏற்றுமதியாளர்களாக மாற்றுகிறோம் என்று பணக்கார நாடுகள் வருடாவருடம் உதவி அறிவிக்கின்றன. அந்தப் பணம் தறியில் உட்கார்ந்திருப்பவர் வரை போகிறதா, இல்லை கருத்தரங்கு, ஆலோசகர் சம்பளம் என்று வழியிலேயே கரைந்துவிடுகிறதா?

பதில்: இரண்டும் நடக்கிறது. கரைகிற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் போய்ச் சேர்ந்த ஒரு இடத்தைச் சொல்கிறேன். எகிப்தில் ஃபூவா என்ற ஊரில் கையால் கம்பளம் நெய்கிறார்கள். ஒரு தறி, ஒரு ஆள், அவரே முதலாளி, அவரே தொழிலாளி. பெரும்பாலான பட்டறைகள் அப்படித்தான். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் பணத்தில் ஒரு தொண்டு நிறுவனம் அங்கே போய், வெளிநாட்டில் வாங்குபவர்களைத் தேடி, உள்ளூர் இடைத்தரகர் ஒருவர் மூலமாக ஆர்டர்களைக் கொண்டுவந்தது. சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஆர்டர் ஒழுங்காக வரத் தொடங்குவதற்கே ரொம்ப நாள் ஆனது.

டேவிட் அட்கின், அமித் கந்தேல்வால், ஆடம் ஓஸ்மான் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இங்கே ஒரு நல்ல வேலை செய்தார்கள். 219 பட்டறைகளில் யாருக்கு ஏற்றுமதி வாய்ப்பு என்பதைக் குலுக்கல் மாதிரி தற்செயலாக முடிவு செய்துவிட்டு, மற்றவர்களை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்டார்கள். 2017இல் வெளியான ஆய்வின்படி, வாய்ப்புக் கிடைத்தவர்களின் லாபம் மற்றவர்களைவிட 16 முதல் 26 சதவீதம் அதிகம். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது வேறு: அவர்கள் மணிக்கு நெய்கிற அளவு குறைந்துவிட்டது! வெளிநாட்டுக்காரர் கேட்கிற தரத்துக்கு நிதானமாகத்தானே நெய்ய முடியும்.

சரி, நல்ல நூலும் நல்ல விலையும் கொடுத்தால் யார்தான் நன்றாக நெய்யமாட்டார்கள் என்று கேட்பீர்கள். அந்தச் சந்தேகம் ஆய்வு செய்தவர்களுக்கும் இருந்திருக்கிறது. ஒரு பட்டறையை வாடகைக்குப் பிடித்து, ஒரே மாதிரித் தறி, ஒரே நூல் கொடுத்து, உள்ளூர்ச் சந்தைக்குப் போகிற சாதாரணக் கம்பளம் ஒன்றை இரண்டு தரப்பையும் நெய்யச் சொன்னார்கள். மூலை ஒழுங்காக இருக்கிறதா, தரையில் விரித்தால் அலையலையாகத் தூக்குகிறதா, நெசவு இறுக்கமா என்றெல்லாம் பார்த்து மார்க் போட்டார்கள். ஏற்றுமதி செய்தவர்கள் நெய்தது மேலாக இருந்தது, நேரமும் கூடுதலாகப் பிடிக்கவில்லை. கை பழகிவிட்டது, அவ்வளவுதான். வாங்குபவரிடமிருந்து இடைத்தரகர் வழியாக வந்துகொண்டே இருந்த குறைகள் கற்றுக்கொடுத்ததை எந்தப் பயிற்சி வகுப்பும் கற்றுக்கொடுத்திருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: அப்படியானால் இடையில் ஆட்களே வேண்டாம், பணத்தை நேராகத் தொழில் செய்பவர் கையில் கொடுத்துவிடலாமே?

பதில்: துனிசியாவில் கிட்டத்தட்ட அதைச் செய்து பார்த்தார்கள். உலக வங்கி ஆதரவுடன் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆரம்பித்த ஃபாமெக்ஸ் திட்டத்தில், சந்தை ஆய்வு, வெளிநாட்டுக் கண்காட்சி போன்ற செலவுகளில் பாதியைத் திட்டம் ஏற்றது, மீதி நிறுவனத்தின் பொறுப்பு. முதலில் நன்றாகத்தான் போனது. புதிய நாடுகள், புதிய பொருள்கள் என்று அந்த நிறுவனங்களின் ஏற்றுமதி மற்றவர்களைவிட வேகமாக வளர்ந்தது. பின்னால் கணக்குப் பார்த்தால், மூன்று வருடத்தில் உதவி வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் ஏற்றுமதியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கண்காட்சியில் கைமாறுகிற விசிட்டிங் கார்டு வேறு, அதே ஆள் இரண்டாவது தடவை ஆர்டர் போடுவது வேறு. இரண்டாவதுக்கு மானியம் கொடுக்க முடியாது.

கேள்வி: இதில் உதவி செய்கிற நாட்டுக்கு என்ன லாபம்?

பதில்: அங்கே இருக்கிற இறக்குமதியாளருக்கும் சரக்கு வேண்டாமா? வளரும் நாடுகளிலிருந்து இறக்குமதியை வளர்ப்பதற்காகவே நெதர்லாந்து அரசு சிபிஐ (நம் ஊர்ப் புலனாய்வு அமைப்பு இல்லை) என்று ஒரு அமைப்பை 1971இல் தொடங்கியது. தர்மம் பாதி, வியாபாரம் பாதி. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சொல்லப்போனால் வெறும் தர்மத்தைவிட இது நீடிக்கும்.

கேள்வி: ஒரு கையால் உதவி, இன்னொரு கையால் தரக்கட்டுப்பாடு என்று கதவைச் சாத்துவது நாடகம்தானே?

பதில்: சில சமயம் நாடகம்தான், எப்போதும் இல்லை. விக்டோரியா ஏரியில் பூச்சிமருந்து ஊற்றி மீன் பிடிக்கிறார்கள் என்ற புகாரில் 1999இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஏரி மீனை நிறுத்தியது. உகாண்டாவில் மீன் பிடிப்பவரிலிருந்து ஆலைத் தொழிலாளி வரை அடி வாங்கினார்கள். அப்புறம் ஐநாவின் தொழில் வளர்ச்சி அமைப்பான யூனிடோவின் துணையோடு பரிசோதனை முறைகளைச் சீர்செய்தார்கள், தடை நீங்கியது. இந்த மாதிரி ஆய்வுக்கூடத்தைச் சின்ன வியாபாரி தனியாகக் கட்ட முடியாது, ஆயிரம் பேர் சேர்ந்தாலும் கஷ்டம். உதவிப் பணத்துக்குப் பொருத்தமான இடம் இதுதான் என்பேன்.

ஆனால் சான்றிதழ் விஷயம் வேறு மாதிரி. கென்யாவில் ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்குக் காய்கறி அனுப்பிய சிறு விவசாயிகள் பலருக்கு, பாதுகாப்பான முறையில் பயிர் செய்கிறார்கள் என்று காட்டுகிற, இப்போது குளோபல்கேப் என்று சொல்லப்படுகிற சான்றிதழை வாங்க உதவித் திட்டங்கள் பணம் கொடுத்தன. திட்டம் முடிந்தது, புதுப்பிக்கிற செலவு அவர்கள் தலையில் விழுந்தது, நிறையப் பேர் விலகிவிட்டார்கள்.

கேள்வி: நான் ஒரு சிறு உற்பத்தியாளர். ஏற்றுமதி உதவித் திட்டம் என்று யாராவது வந்தால் என்ன கேட்க வேண்டும்?

பதில்: வாங்கப்போகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள். "சந்தை மிகப் பெரியது" என்பது பதில் இல்லை, ஒரு பெயர் வேண்டும். சரக்கு போனபின் பணம் எத்தனை நாளில் வரும், அதுவரை நூலுக்கும் கூலிக்கும் யார் கடன் தருவார்? நல்ல ஆர்டர் கிடைத்தும் கையில் பணம் சுழலாமல் முடங்குபவர்கள் உண்டு, ஆனால் இதைப் பற்றிக் கையேட்டில் பெரும்பாலும் ஒரு பத்திதான் இருக்கும். துறைமுகத்தில் சரக்கைத் திருப்பினால் நஷ்டம் யாருடையது? அடுத்த வருடச் சான்றிதழுக்கு யார் பணம்? திட்டம் என்றைக்கு முடிகிறது, அதற்கு முன்னாலேயே நின்றுபோனால் வாங்குபவரோடு நீங்களே நேராகப் பேச வழி உண்டா? இது வீண் பயம் இல்லை, 2025இல் யுஎஸ்எய்டையே மூடிவிட்டார்கள், எத்தனையோ திட்டங்கள் பாதியில் நின்றன.

இவற்றில் மூன்றுக்காவது நேரான பதில் வந்தால் சேருங்கள். கேட்டதற்கெல்லாம் பளபளப்பான கையேட்டையே நீட்டினால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.