ரேடியோ வாங்கும் முன் தரைநிலையத்தைக் கேளுங்கள்

கேள்வி: காட்பாடி அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் 3யூ கியூப்சாட் (பெட்டி வடிவச் சிறு செயற்கைக்கோள்) செய்கிறோம். 500 கி.மீ. உயரத்தில் சூரிய ஒத்திசைவுப் பாதை (துருவங்களை ஒட்டிச் சுற்றுவது), ஏவ இன்னும் 18 மாதம். எஸ்-பேண்ட் (2 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசை) ரேடியோவுக்கு விலைப்புள்ளி வந்துவிட்டது. ஏவுதேதி உறுதியான பிறகு தரைநிலையச் சேவையில் (செயற்கைக்கோளோடு தரையிலிருந்து தொடர்பு கொள்ளும் ஆண்டெனா நிலையம்) பதிவு செய்தால் போதுமா? இல்லை, கல்லூரி மாடி ஆண்டெனாவே போதுமா?

பதில்: தேதிக்குக் காத்திருக்காதீர்கள், ரேடியோவுக்கும் இப்போது ஆர்டர் போடாதீர்கள். அந்த ரேடியோவின் அலைவரிசை, மாடுலேஷன் (டேட்டாவை அலையில் ஏற்றும் முறை), கோடிங் (பிழை திருத்தக் குறியீடு) மூன்றையும் தரைநிலையம் ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

மாடி ஆண்டெனாவைப் பற்றி முதலில். செயற்கைக்கோள் நாளுக்குச் சுமார் 15 சுற்று வரும். வேலூர் 13 பாகை வடக்கில் இருப்பதால் அதில் உங்களுக்குத் தெரிவது நான்கைந்துதான். அதிலும் பாதி அடிவானத்தை ஒட்டிப் போய்விடும். நம் ஊரைச் சுற்றி மலை வேறு. மாடியில் நின்று சுற்றிலும் 10 பாகைக்கு ஒருமுறை, அந்தத் திசையில் தடை எவ்வளவு உயரம் என்று அளந்து அட்டவணை போடுங்கள். நார்வேயின் ஸ்வால்பார்ட் போன்ற துருவ நிலையங்களுக்கோ அநேகமாக ஒவ்வொரு சுற்றும் தெரியும். 435–438 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் பட்டையில் பீக்கன் (செயற்கைக்கோள் விடாமல் அனுப்பும் அடையாளச் சிக்னல்) கேட்க உங்கள் மாடி தாராளமாகப் போதும். ஆனால் அந்தப் பட்டையில் சிக்னல் அனுப்ப ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வேண்டும், வணிக நோக்கம் கூடாது, டேட்டாவை மறைகுறியாக்கவும் கூடாது.

சேவை தருவோர் என்றால் இஸ்ரோவின் தரைநிலைய அமைப்பான பெங்களூரு இஸ்ட்ராக், அதோடு வணிகத் தரைநிலைய நிறுவனங்கள். பழைய பாடநூலைப் பார்த்து நாசாவின் டிடிஆர்எஸ் ரிலே செயற்கைக்கோள்களைத் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டாம். 2024 நவம்பரிலிருந்து அது புதிய திட்டங்களைச் சேர்ப்பதில்லை.

எங்கே போனாலும் முதலில் கேட்பது லிங்க் பட்ஜெட், அதாவது சிக்னல் வழியில் எவ்வளவு குறைந்து, எவ்வளவு மிஞ்சி வந்து சேரும் என்ற கணக்கு. தலைக்கு மேல் 500 கி.மீ. தூரத்தில் இருக்கும் செயற்கைக்கோள், 5 பாகை உயரத்தில் சுமார் 2,080 கி.மீ. தள்ளிப் போய்விடும். 2250 மெகாஹெர்ட்ஸில் பாதை இழப்பு முதலதற்கு 153.5 டெசிபல், இரண்டாவதற்கு 165.8. கணக்கை இந்த இரண்டாவது எண்ணில் போட்டு, அதன் பிறகும் 3 டெசிபல் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் 10 பாகைக்கு மேல் இருக்கும் நேரத்தை மட்டும் பாஸ் (செயற்கைக்கோள் நிலையத்தைக் கடந்து போகும் வாய்ப்பு) என்று எண்ணுங்கள். அட்டவணை சட்டென்று சுருங்கும்.

டேட்டா அளவிலும் இதே ஏமாற்றம் உண்டு. விநாடிக்கு 10 லட்சம் சிம்பல் அனுப்பும் பிபிஎஸ்கே (ஒரு சிம்பலுக்கு ஒரு பிட் தரும் மாடுலேஷன்) ரேடியோ, 6 நிமிடம் உருப்படியான பாஸ் என்றால் 45 மெகாபைட் என்று எழுதிவிடுகிறார்கள். அனுப்பும் பிட்டில் பாதி மட்டுமே டேட்டாவாக இருக்கும் பாதி வேகக் கன்வலூஷனல் கோடில் அது 22.5 ஆகும், 255 பைட்டில் 223 மட்டும் டேட்டாவாக இருக்கும் ரீட்-சாலமன் கோடும் சேர்ந்தால் 19.7. ஃபிரேம் (டேட்டாவைக் கட்டி அனுப்பும் பொட்டலம்) தலைப்புகளும் கழிந்தால் 19 சொச்சம் கைக்கு வரும். கேமரா ஒரு நாளைக்கு எத்தனை படம் எடுக்கலாம் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கும்.

அலைவரிசை அனுமதி இன்னும் மெதுவாக நகரும். ஐடியூவுக்கு (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) முன்னறிவிப்பு முடிந்தவரை 2 ஆண்டு முன்பே போக வேண்டும். நீங்கள் ஏற்கெனவே தாமதம். இந்தியாவின் சார்பில் அதை அனுப்புவது தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி. அது வெளியானதும் மற்ற நாடுகள் கருத்துச் சொல்ல 4 மாதம். தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான இன்-ஸ்பேஸின் அங்கீகாரம் தனி. இரண்டையும் இந்த வாரமே தொடங்குங்கள். 18 மாதத்துக்குள் நடக்காது என்று தோன்றினால், கருவியை மட்டும் பிஎஸ்எல்வியின் போயம் மேடையில் (வேலை முடிந்த கடைசி அடுக்கையே சோதனை மேடையாக்குவது) ஏற்றக் கேட்டுப் பாருங்கள்; மின்சாரமும் டெலிமெட்ரியும் அந்த மேடையே தரும். முதல் முயற்சிக்கு அதுவே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

ஒப்பந்தம் ஆனதும் இணக்கச் சோதனை. உங்கள் ரேடியோவையோ அதன் இரட்டையையோ நிலையத்தின் ரிசீவரோடு கேபிளில், இடையே அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) போட்டு இணைப்பார்கள். ரிசீவர் கேரியரைப் (டேட்டாவைச் சுமக்கும் அலை) பிடித்துக்கொள்ளும், ஸ்பெக்ட்ரம் அழகாகத் தெரியும், ஒரு ஃபிரேம்கூட வராது. பெரும்பாலும் காரணம் சின்னதுதான்: ஒரு பக்கம் ரேண்டமைசர் (பிட்டுகளைக் குறிப்பிட்ட முறையில் கலைத்து அனுப்புவது) ஓடும், மறுபக்கம் ஓடாது, அல்லது சிக்னலின் இரு கூறுகளான ஐ-யும் க்யூ-வும் இடம் மாறியிருக்கும். ஃபிரேமின் தொடக்கத்தைக் காட்டும் சிசிஎஸ்டிஎஸ் (விண்வெளித் தரவுக்கான பன்னாட்டுத் தரநிலை) ஒத்திசைவுக் குறி 1ஏசிஎஃப்எஃப்சி1டி வருகிறதா என்று முதலில் தேடுங்கள். குறி வந்து ஃபிரேம் தோற்றால் ரேண்டமைசரையும் ரீட்-சாலமன் அமைப்பையும் பாருங்கள். அதே சோதனையில் டாப்ளரையும் (செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை நகர்வது) ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எஸ்-பேண்டில் அது கூட்டல் கழித்தல் 50 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகும். அறை வெப்பத்தில் மட்டும் சோதித்த ஆஸிலேட்டர் (அலைவரிசையை உருவாக்கும் பகுதி), மேலே குளிரில் இன்னும் சில கிலோஹெர்ட்ஸ் நகரும்.

ஏவிய முதல் நாட்களில் டிஎல்இயை (பொதுவில் வெளியாகும் சுற்றுப்பாதைத் தரவு) நம்பி ஆண்டெனாவைத் திருப்ப வேண்டாம். ஒரே ராக்கெட்டில் பல செயற்கைக்கோள்கள் போனால் எது உங்களுடையது என்பதே குழப்பமாக இருக்கும். ஏவுகலம் தரும் பிரிவுநிலைத் தரவை (செயற்கைக்கோள் பிரிந்தபோது இருந்த இடமும் வேகமும்) நிலையத்துக்கு உடனே அனுப்புங்கள். பிறகு பதிவான டாப்ளர் வளைவு டிஎல்இ பட்டியலின் எந்த எண்ணோடு பொருந்துகிறது என்று பார்த்து, அந்த எண்ணை நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.