பழைய வெள்ளிச் சாமான்கள் கறுத்துவிட்டன. எப்படிச் சுத்தம் செய்வது, மறுபடி கறுக்காமல் எப்படி வைப்பது?

அம்மாவின் சீர் வெள்ளி (குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, தட்டு, கொலுசு) பல வருஷம் பீரோவில் இருந்து கறுத்துவிட்டது என்கிறீர்கள். தேய்க்க உட்காரும் முன் ஒரு விஷயம். அந்தக் கறுப்பு எங்கிருந்தோ வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. காற்றில் இருக்கும் கந்தக வாயு பட்டு, வெள்ளியின் மேல்பரப்பே வெள்ளி சல்ஃபைடாக மாறியிருக்கிறது. அதனால் கறுப்பைத் தேய்த்து எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் வெள்ளியும் சேர்ந்தே போகிறது.

எங்கள் வீட்டுச் சந்தனப் பேலாவின் விளிம்பில் புள்ளி புள்ளியாகக் குத்திப் பாட்டியின் பெயரை வெட்டியிருப்பார்கள். நவராத்திரிக்கு நவராத்திரி பல்பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, இப்போது வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்தே தெரிகிறது. தேய்க்கும்போது கட்டைவிரல் அழுந்துகிற இடத்தில் இருந்த கடைசி எழுத்து சுத்தமாக மழுங்கிவிட்டது. பல்பொடி, டூத் பேஸ்ட், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பித்தளைக்குப் போடுகிற புளியும் இங்கே பெரிதாக உதவாது.

முதலில் விளக்கின் எண்ணெய்ப் பிசுக்கையும் கரியையும் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திர லிக்விட் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். விளக்கில் மேலாகப் படிந்த கரி இதிலேயே போய்விடும்.

மீதியிருக்கும் சல்ஃபைடு கறுப்புக்கு அலுமினியம் ஃபாயில் போதும். ஒரு டப்பில் ஃபாயிலை விரித்து, வெள்ளி அதைத் தொடும்படி வையுங்கள். ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேஜைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து, மூழ்கும் அளவு ஊற்றுங்கள். அழுகின முட்டை வாடை லேசாக வரும். கந்தகம் வெள்ளியை விட்டுக் கிளம்புகிற வாடைதான் அது, பயப்பட வேண்டாம். கறுத்த பரப்பு திரும்ப வெள்ளியாகவே மாறுவதால் தேய்மானம் மிகக் குறைவு. சில நிமிஷம் கழித்து எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி உடனே துடையுங்கள். கொஞ்சம் மங்கலாக இருந்தால், மெல்லிய துணியில் சலித்த விபூதியை ஈரத்துணியில் தொட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் தடவினால் போதும்.

ஆனால் எல்லாவற்றையும் இதில் போட்டுவிடாதீர்கள். பழைய காப்பு, உருட்டு மணி போன்றவற்றின் உள்ளே அரக்கு அடைத்திருக்கலாம். சூடு பட்டால் இளகி வெளியே வந்துவிடும். கல் ஒட்டிய நகையும் வேண்டாம். வேலைப்பாட்டின் பள்ளங்களில் அழகுக்காகவே கறுப்பு ஏற்றிய ஆக்ஸிடைஸ்டு சாமான்களும் வேண்டாம், ஏற்றிய கறுப்பும் சேர்ந்து போய் முகம் வெளிறிவிடும்.

இனி பத்திரப்படுத்துவது. என்னைக் கேட்டால் சுத்தம் செய்வதைவிட இதில்தான் அதிகம் கவனம் வேண்டும், ஒழுங்காக வைத்தால் அடிக்கடி கை வைக்கவே தேவையில்லை. சாமானில் ஈரம் துளியும் இருக்கக்கூடாது. பன்னீர்ச் செம்பின் கழுத்தைத் திருகிக் கழற்றி, உள்ளே நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, காற்றை வெளியே தள்ளிவிட்டு ஜிப் கவரில் போடுங்கள். சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்று, இல்லாவிட்டால் இரண்டு சாக்பீஸ் கூடவே இருக்கட்டும். செய்தித்தாள், கம்பளித் துணி கூடாது. ரப்பர் பேண்ட் கூடவே கூடாது! ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம்தான் சேர்க்கிறார்கள். அது பட்ட இடத்தில் கோடு விழுந்தால் லேசில் போகாது.

தினமும் புழங்கி, கழுவித் துடைக்கிற வெள்ளி அவ்வளவாகக் கறுப்பதில்லை. அந்தத் தட்டையாவது வெளியே எடுத்துப் பூஜைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, ஊறுகாய், முட்டை மட்டும் அதில் வேண்டாம். கொலுசு கறுத்தால் உடம்புச் சூடு என்பார்கள். வியர்வை, உப்புத் தண்ணீர், கந்தகம் கலந்த சோப்பு அல்லது களிம்பு இவைதான் பெரும்பாலும் காரணம்.

முலாம் பூசியதா, முழு வெள்ளியா என்று சந்தேகம் இருந்தால் பழக்கமான ஆசாரியிடம் காட்டுங்கள். பாலிஷ் போடக் கொடுப்பதாக இருந்தால் மெஷினில் போட வேண்டாம், கையால் போடச் சொல்லுங்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் எதிரிலேயே எடை போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.