வெட்டுத் தீர்மானம் கொடுத்தால் மேம்பாலத்துக்குப் பணம் கூடுமா?

கேள்வி: எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் மேம்பாலம் கட்ட அனுமதி கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. வேலை தொடங்கவில்லை. மக்களவையில் ரயில்வே மானியக் கோரிக்கை வரும்போது எம்.பி. மூலம் வெட்டுத் தீர்மானம் கொடுத்து 20 கோடி சேர்க்க வைக்கலாம், டெல்லியில் அதற்குச் ‘செலவு’ ஆகும் என்று ஒருவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்திடம் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். மானியக் கோரிக்கையில், அதாவது ஒரு அமைச்சகத்தின் செலவுக்கு அரசு மக்களவையிடம் கேட்கும் தொகையில், ஒரு ரூபாயைக்கூடச் சேர்க்க எந்த எம்.பி.க்கும் அதிகாரம் கிடையாது. அரசியல் சட்டத்தின் 113-வது பிரிவுப்படி, குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு அரசு கேட்கும் தொகையை மக்களவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. அடுத்து வரும் நிதி ஒதுக்க மசோதாவிலும் தொகையையோ அது போய்ச் சேரும் இடத்தையோ மாற்றும் திருத்தத்துக்கு 114-வது பிரிவு இடம் தருவதில்லை. ஆக, அந்த ஆள் விற்பது இல்லாத சரக்கு. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான் என்பதையும் சங்கக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். பொருளாளர் பெயரில் ரசீது போட்டுக் கொடுத்தால் தப்பில்லை என்று சொல்ல ஒரு கூட்டமே திரிகிறது.

வெட்டுத் தீர்மானம் என்பது அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம். அதில் மூன்று வகை உண்டு. கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது கொள்கை வெட்டு. குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வது சிக்கன வெட்டு. 100 ரூபாய் குறைக்கச் சொல்வது அடையாள வெட்டு. குறை சொல்லவென்றே இருப்பது இந்த மூன்றாவது. உங்களுக்குப் பொருந்துவதும் அதுதான். எம்.பி. கையெழுத்திட்டு, விவாதத்துக்கு ஒரு நாள் முன்னதாக மக்களவைச் செயலகத்தில் நோட்டீஸ் கொடுத்தால் போதும். கட்டணம் இல்லை. அது குரல் வாக்கில் தோற்கும். வென்றால் அரசுக்கே ஆபத்து என்பதால் தோற்கத்தான் செய்யும். உங்கள் எம்.பி. ஆளுங்கட்சிக்காரர் என்றால் இந்த வழியையே மறந்துவிடலாம்.

நோட்டீஸ் எங்கே தள்ளுபடியாகிறது என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் மேம்பால விஷயத்தில் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு தீர்மானத்தில் ஒரே ஒரு விஷயம் இருக்க வேண்டும். அது மத்திய அரசின் பொறுப்பில் உள்ளதாக இருக்க வேண்டும். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதி ரயில்வேயுடையது. இருபுறமும் ஏறி இறங்கும் அணுகுசாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. அதற்கான நில எடுப்பும் மாநிலத்தின் வேலை. “மேம்பாலத்தையும் அணுகுசாலையையும் உடனே முடிக்க வேண்டும்” என்று சேர்த்து எழுதினால் இரண்டு நிபந்தனையும் ஒன்றாக அடிபடும். லெவல் கிராசிங் எண், இரு பக்கத்து ரயில் நிலையங்களின் பெயர், கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ரயில்வே பகுதியை மட்டும் எழுதுங்கள். அணுகுசாலைக்குச் சட்டமன்றத்தில் நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை தனியாக வரும், அதை எம்.எல்.ஏ. பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் பேச வாய்ப்புக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும் சில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டுமே விவாதத்துக்கு எடுக்கப்படுகின்றன. ரயில்வேக்கு அடிக்கடி அந்த வாய்ப்புக் கிடைத்துவிடும். அறிவியல் தொழில்நுட்பம் போன்றவற்றுக்கு அநேகமாகக் கிடைக்காது. கடைசி நாளில் சபாநாயகர் குறித்த நேரத்தில் மீதமுள்ள கோரிக்கைகள் அத்தனையும் விவாதமின்றி வாக்குக்கு விடப்படும். இதைத்தான் கில்லட்டின் என்கிறார்கள். 2023 மார்ச் 23 அன்று அமளிக்கு நடுவே சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கு விவாதமே இல்லாமல் ஒப்புதல் கிடைத்தது. விதிப்படி எல்லாம் சரிதான். ஒரு கிராம சபையில் இப்படிக் கணக்கை நிறைவேற்றினால் கலெக்டர் விளக்கம் கேட்பார்.

எனவே மார்ச் மாதத்தை நம்பாதீர்கள். பட்ஜெட் பிப்ரவரி 1 அன்று வருகிறது. தொகைகள் அதற்கு முந்தைய அக்டோபர் முதலே பேசி முடிவாகிவிடும். செப்டம்பருக்குள் உங்கள் மனு கோட்ட ரயில்வே மேலாளரிடமும் தெற்கு ரயில்வே தலைமையகத்திலும் எம்.பி.யின் கடிதத்தோடு போயிருக்க வேண்டும். அடுத்து, மக்களவையில் எழுத்துபூர்வ பதில் பெறும் நட்சத்திரக் குறியிடாத கேள்வி ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். 15 முழு நாள் முன்னறிவிப்பு தேவை. மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, இதுவரை செலவு எவ்வளவு, டெண்டர் எந்த நிலையில், மாநிலத்திடமிருந்து என்ன வரவேண்டும் என்ற நான்கையும் தனித்தனியாகக் கேட்கட்டும். மழுப்ப இடம் குறையும். வெட்டுத் தீர்மானத்தைவிட இந்தப் பதில் தாள் உங்கள் கையில் அதிகம் பேசும்.

எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று பட்ஜெட்டை ஒட்டி ரயில்வே வெளியிடும் பட்டியலான பிங்க் புக்கில் உங்கள் வேலையின் பெயரைத் தேடுங்கள். அதில் தொகைகள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் இருக்கும். எதிரே வெறும் 1 என்று இருந்தால் ஆயிரம் ரூபாய். திட்டம் செத்துப்போகாமல் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நிலம் கைக்கு வராத வேலைகளுக்கு இப்படி நேர்வது சகஜம். அப்படியானால் டெல்லிக்கு டிக்கெட் போடாமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் நில எடுப்புப் பிரிவில் கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.