பக்கத்துக் கல்லைப் படித்தீர்களா?

கேள்வி: மகளைப் பார்க்கப் பாரிஸ் போனபோது, ரயில் மாறி 30 கிலோமீட்டர் போய், ஓவேர் என்ற ஊரில் வான்கோவின் கல்லறையைப் பார்த்தேன். சுவரோரம் சின்னதாக ஒரு கல், மேலே படர்ந்த செடிக்கொடி. அவ்வளவுதான். நம் பக்கமாக இருந்தால் மணிமண்டபமே கட்டியிருப்பார்கள். உலகம் கொண்டாடும் ஓவியருக்கு இது போதுமா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஒரு கல் என்கிறீர்கள். அங்கே இருப்பது இரண்டு. ஒரே உயரம், தலைப்பக்கம் ஒரே வளைவு. ஒன்றில் வின்சென்ட் வான்கோ, 1853–1890. மற்றதில் தம்பி தியோ, 1857–1891. அவ்வளவு தூரம் போனவர் பக்கத்துக் கல்லைப் படிக்காமல் திரும்பியதில் எனக்கு வருத்தம்தான்.

ஏழெட்டு வருடம் முன்பு நானும் அங்கே நின்றிருக்கிறேன். கொடி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போர்வையாகப் படர்ந்திருந்தது. அண்ணன் இடம் எங்கே முடிகிறது, தம்பி இடம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. யாரோ வைத்துப் போன சூரியகாந்தி ஒன்று இலைகளுக்கு நடுவே காய்ந்து கிடந்தது.

அது தானாக அமைந்த இடமில்லை. வின்சென்ட்டை முதலில் புதைத்த இடம் 15 வருடக் குத்தகை. அது முடிகிறபோது, 1905-இல், எலும்புகளைத் தோண்டியெடுத்து இப்போதுள்ள இடத்துக்கு மாற்றினார்கள். தியோ, அண்ணன் போன ஆறே மாதத்தில் ஹாலந்தில் இறந்து, உட்ரெக்டில் அடக்கமானவர். 1914-இல் அவரை அங்கிருந்து கொண்டுவந்து அண்ணன் பக்கத்தில் சேர்த்தது அவர் மனைவி யோஹன்னா.

கணவர் இறந்தபோது யோஹன்னாவுக்கு வயது 28. கையில் ஒரு வயது நிரம்பாத பிள்ளை, வீடு நிறைய வின்சென்ட்டின் விலைபோகாத படங்கள். நாடு திரும்பி, வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுப் பிழைத்துக்கொண்டே, அந்தப் படங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தக் கடிதங்கள். வின்சென்ட் தம்பிக்கு எழுதியவை 600க்கும் மேல். பலவற்றில் தேதியே கிடையாது. உட்கார்ந்து படித்து, வரிசைப்படுத்தி, அதே 1914-இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். நாம் வான்கோ என்று ஒருவரை அறிந்திருப்பதில் பாதிக்குமேல் அந்தப் பெண்ணின் உழைப்பு. அவர் பெயர் அந்தக் கற்களில் இல்லை.

மண்டபம் எழுந்திருந்தால் அது அண்ணனுக்கு மட்டும்தான் எழுந்திருக்கும். எனக்கு அந்த இரண்டு கல் போதும்.

என் அப்பாவை ஐவர்மடத்தில் எரித்து, அங்கேயே பாரதப்புழையில் கரைத்தோம். போய் நிற்க ஒரு கல் கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஓவேரில் வெகுநேரம் நின்றுவிட்டேன். அப்போது நினைவுக்கு வந்தவர் ரவிவர்மாவின் தம்பி ராஜ ராஜ வர்மா. அவரும் தேர்ந்த ஓவியர். அண்ணனோடு ஊர் ஊராகப் போய், வேலைகளைக் கவனித்து, அண்ணன் படங்களிலும் கைகொடுத்து, நாட்குறிப்பும் எழுதிவைத்தவர். 1905 தொடக்கத்தில் தம்பி போனார். 1906 அக்டோபரில் அண்ணனும் போய்விட்டார்.

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்துக்குப் போனால், ரவிவர்மா படங்களைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். அந்தத் தம்பி வரைந்தது எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன் முன்னாலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.