கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றி ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் மாட்டலாமா? காரைக்குடி வண்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் கார் எலக்ட்ரிகல் வேலையும் ஆடியோ வேலையும் பார்க்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பக்கமிருந்துதான் வண்டிகள் அதிகம் வரும். ஸ்க்ரீன் மாட்டுறதைப் பத்திக் கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. பதிலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாரும் ஸ்க்ரீனைப் பத்தியே கேட்கிறீங்க, அதுக்குப் பின்னாடி இருக்கிற வயரைப் பத்திக் கேட்கிறவங்க குறைவு. என்கிட்ட ரிப்பேருக்கு வர்ற வண்டிகள்ல பெரும்பாலும் கோளாறு பின்னாடிதான் இருக்கு.

அண்ணே, என் வண்டி 2016 ஸ்விஃப்ட். 7 இன்ச் போதுமா, 9 இன்ச் போடலாமா? – தேவகோட்டை

தம்பி, 7 இன்ச் செட்டுங்கிறது டபுள் டின் அளவு. கிட்டத்தட்ட 180 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம். உலகம் முழுக்க ஒரே அளவுங்கிறதால நாளைக்கு இந்த செட் போயிட்டா வேற எந்தக் கம்பெனி செட்டும் அதே ஓட்டையில உட்காரும். 9 இன்ச் அப்படி இல்லை. அந்தந்த மாடலுக்குன்னு தனி பிரேம் வரும், பிரேம் சரியா இல்லைன்னா மூலையில இடைவெளி விழும், குண்டு குழியில கடகடன்னு சத்தம் வரும். உங்க ஸ்விஃப்ட்டுக்கு ரெண்டுமே கிடைக்கும். 9 இன்ச் எடுக்கிறதா இருந்தா காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி பிரேமை டேஷ்போர்டுல வச்சுப் பாருங்க. ஏசி காத்து வர்ற வழியை மறைக்குதா, நாலு இண்டிகேட்டரையும் போடுற ஹசார்ட் சுவிட்ச் கைக்கு எட்டுதான்னு பாருங்க. அந்த ரெண்டும் சரின்னா தாராளமா 9 இன்ச் போடலாம்.

ஆன்லைன்ல 8 ஜிபி ரேம், 128 ஜிபி மெமரின்னு போட்டு ரொம்பக் குறைஞ்ச விலைக்கு வருது. கடையில 2 ஜிபி செட்டுக்கே அதைவிட அதிகம் சொல்றாங்க. ஏமாத்துறாங்களா? – கோட்டையூர்

ஏமாத்துறது யாருன்னு பெட்டியைப் பார்த்தாத் தெரியாது, செட்டை ஆன் பண்ணிப் பார்த்தாத்தான் தெரியும். மலிவு செட்டுகள்ல செட்டிங்ஸ் பக்கத்துல வர்ற எழுத்தையே மாத்தி வச்சிருப்பாங்க. ஆண்ட்ராய்டு 14ன்னு காட்டும், உள்ளே ஓடுறது 10 ஆக இருக்கும். 8 ஜிபின்னு எழுதியிருக்கும், உண்மையில 2 இருக்கும். அதனால செட்டிங்ஸை நம்பாதீங்க. பிராசஸர், ரேம் விவரம் காட்டுற சிபியு-இசட் மாதிரி ஒரு ஆப்பைப் போட்டுப் பாருங்க. பெரும்பாலும் அங்கே குட்டு வெளிப்பட்டுடும்.

அதைவிட முக்கியமா, உங்களுக்கு எதுக்கு ஸ்க்ரீன் வேணும்னு முடிவு பண்ணுங்க. போனை இணைச்சு மேப் பார்க்க, பாட்டுக் கேட்க, போன் பேச மட்டும்னா ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஆப்பிள் கார்ப்ளேயோ நல்லா ஓடுற செட் போதும். கார்ப்ளே 2014ல வந்தது, ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015ல வந்தது. ரெண்டுலயும் கணக்குப் போடுற வேலை பெரும்பாலும் போன்லதான் நடக்குது, செட்டு திரை மாதிரி நிக்குது. அதுக்கு 2 ஜிபி போதும். செட்டுலயே சிம் போட்டு, ஆப் இறக்கி, மேப்பும் பாட்டும் ஒண்ணா ஓட்டணும்னா நிஜமான 4 ஜிபி, 64 ஜிபிக்குக் கீழே போகாதீங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர் வெயில். மே மாசம் மதியம் கண்ணாடி ஏத்திவிட்டு வண்டியை வெயில்ல நிறுத்தி வச்சுட்டு வந்தா டேஷ்போர்டுல கை வைக்க முடியாது. அந்தச் சூட்டுல மலிவு செட் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், தொட்டா அஞ்சு விநாடி கழிச்சு நகரும். வாங்கும்போது செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. நல்ல கனமான அலுமினியத் தகடு இருக்கணும். வெறும் தகர டப்பா மாதிரி லேசா இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. திரை ஐபிஎஸ் வகையா இருக்கட்டும், டிரைவர் சீட்டுல இருந்து சாய்வாப் பார்த்தாலும் நிறம் மாறாது.

அண்ணே, டாக்ஸி ஓட்டுறேன். ஸ்க்ரீன் மாட்டினதுல இருந்து ரெண்டு நாள் வண்டியை நிறுத்தினா பேட்டரி இறங்கிடுது. பேட்டரி மாத்திட்டேன், அப்பவும் அப்படித்தான். – பள்ளத்தூர்

இதுக்குக் கொஞ்சம் விரிவாவே பதில் சொல்றேன், ஏன்னா இந்தத் தொல்லையோட நிறைய பேர் பேட்டரிக்குக் காசு கொட்டிக்கிட்டிருக்காங்க.

செட்டுல மூணு முக்கியமான வயர். மஞ்சள் எப்பவும் 12 வோல்ட், செட்டோட ஞாபகத்துக்கு. சிவப்பு, சாவி போட்டாத்தான் வர்ற கரண்ட். கறுப்பு எர்த். சாவி போட்டா வர்ற லைனைத் தேடிப் பிடிக்கச் சோம்பல்பட்டு, சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்திடுறவங்க இருக்காங்க. அப்படிச் செஞ்சா சாவியை எடுத்தாலும் செட்டு தூங்காது. ஸ்க்ரீன் மட்டும் கறுத்திருக்கும், உள்ளே ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு ஆம்பியர் எடுத்தாக்கூட 12 மணி நேரத்துல 12 ஆம்பியர்-அவர் போயிடும். சின்ன பெட்ரோல் வண்டிப் பேட்டரியே 35 ஆம்பியர்-அவர்தான். ஒரு ராத்திரியில மூணுல ஒரு பங்கு காலி.

எப்படிப் பார்க்கிறது? மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில மாட்டுங்க. பானெட்டைத் திறந்து வச்சு, கதவெல்லாம் சாத்தி, சாவியைத் தூர வையுங்க. பேட்டரி நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல மீட்டரைக் கோத்துடுங்க. உடனே வர்ற நம்பரைப் பார்த்து பயப்படாதீங்க, வண்டியில இருக்கிற மத்த யூனிட் எல்லாம் அடங்க அரை மணி நேரம் ஆகும். அதுக்கப்புறம் 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா வண்டி நல்லா இருக்கு. முன்னூறு, ஐநூறுன்னு நின்னா ஸ்டீரியோ பியூஸைப் பிடுங்குங்க. நம்பர் சட்டுன்னு விழுந்தா திருடன் அவன்தான். மீட்டர் கோத்திருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, மீட்டர் பியூஸ் போயிடும்.

வயரிங் சரியா இருந்தும் இறங்கினா செட்டிங்ஸ்ல ஸ்லீப் நேரம் பாருங்க. சீக்கிரம் ஆன் ஆகணும்னு நாள்கணக்குல அரைத் தூக்கத்துல வச்சிருப்பாங்க. அதைக் குறைச்சு, முழுசா அணையுற மாதிரி வையுங்க. முழுசா இறங்கி இறங்கி ஏறுற பேட்டரியில ஈயத் தகடு மேல சல்பேட் படிஞ்சு கெட்டியாகிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய திறன் வராது. 1948ல அடிக்கல் நாட்டின சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம ஊர்லதான் இருக்கு, பேட்டரியைப் பத்தி அங்கே எத்தனையோ ஆராய்ச்சி நடந்திருக்கு. அந்த ஊர்க்காரங்க நாம பேட்டரியைக் காரணமில்லாம மாத்தக் கூடாதுங்கிறது என் ஆசை.

ஸ்டீரிங்ல இருக்கிற வால்யூம் பட்டன் புது செட்டுல வேலை செய்யலை. ஆள் மறுபடி வந்து ஏதோ வயரை வெட்டி ஒட்டினார், இப்ப ஏர்பேக் லைட் எரியுது. – திருப்பத்தூர்

அய்யா, முதல்ல வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டு போய் ஸ்கேனர் போட்டுப் பாருங்க. ஏர்பேக் விளக்கு எரிஞ்சா மோதும்போது பை விரியும்னு நம்ப முடியாது. இதைத் தள்ளிப் போடாதீங்க.

ஸ்டீரிங் பட்டன் ரெண்டு வகை. பழைய வண்டிகள்ல பட்டனை அழுத்தினா ஒரு ரெசிஸ்டன்ஸ் மாறும். செட்டுல கீ-1, கீ-2ன்னு வர்ற வயரை அந்த லைன்ல சேர்த்து, ஒவ்வொரு பட்டனா அழுத்திக் கத்துக் கொடுத்தா போதும். புது வண்டிகள்ல அப்படி இல்லை. போஷ் கம்பெனி 1986ல கொண்டு வந்த கேன் பஸ்ங்கிற முறையில, முறுக்கின ரெண்டே வயர்ல ஏபிஎஸ், மீட்டர், கதவு, பட்டன் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். அந்த வயரை வெட்டினா சம்பந்தமே இல்லாத இடத்துல எல்லாம் விளக்கு எரியும். அதுக்குன்னு கேன் டிகோடர்னு தீப்பெட்டி அளவுல ஒரு பெட்டி வருது. உங்க மாடலுக்கு உரிய கப்ளரோட, அதாவது கம்பெனி சாக்கெட்ல அப்படியே சொருகுற பிளக்கோட, வாங்கினா ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை. மாட்டுறவர் கையில கப்ளர் இல்லாம கட்டர் மட்டும் இருந்தா வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துடுங்க.

தம்பி, அப்பச்சி வச்சிருந்த அம்பாசிடர் கானாடுகாத்தான் வீட்ல நிக்குது. பேரன் அதுல பெரிய ஸ்க்ரீன் மாட்டணும்கிறான். மாட்டலாமா?

வேண்டாம் ஆச்சி. அந்த டேஷ்போர்டை ஒரு தடவை அறுத்தா அறுத்ததுதான். அசல் பலகை மறுபடி கிடைக்காது, வண்டியோட மதிப்பும் போயிடும். பேரனுக்குப் பாட்டுத்தானே வேணும்? கையகல ப்ளூடூத் ஆம்ப்ளிஃபயர் இருக்கு, அதை சீட்டுக்கு அடியில வச்சு, ஸ்பீக்கரை மரப்பெட்டியில போட்டு பின்பக்கம் வச்சுடலாம். வெளியில ஒண்ணும் தெரியாது, வேண்டாம்னா அரை மணியில எடுத்துடலாம். ஆனா அதுக்கு முன்னாடி கரண்ட்டை அளந்து பார்க்கச் சொல்லுங்க. ரொம்பப் பழைய பிரிட்டிஷ் முறை வண்டிகள்ல பாசிட்டிவ்வை பாடியோட இணைச்சிருப்பாங்க, சிலதுல 6 வோல்ட் பேட்டரி. தெரியாம இந்தக் காலத்துப் பொருளை அதுல கோத்தா அந்த நொடியே புகைஞ்சிடும். பழைய வயர்ல துணி உறை நைஞ்சிருக்கும், புது லைனைப் பேட்டரியில இருந்து தனியா இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்துலயே ஒரு பியூஸ் வைக்கணும். இதுல கஞ்சத்தனம் வேண்டாம் ஆச்சி, தீப்பிடிக்கிற விஷயம்.

மச்சான் மலேசியாவுல இருந்து ஜப்பான் செட் ஒண்ணு கொண்டு வந்தார். படம் அருமை. ஆனா ரேடியோ 90க்கு மேல போகமாட்டேங்குது, எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி.

ஜப்பானுக்குள்ள விற்கிறதுக்குச் செஞ்ச செட் அது. அங்கே எஃப்எம் 76ல தொடங்கும், பழைய செட்டுகள் 90ல நின்னுடும். நமக்கு 87.5ல இருந்து 108 வரைக்கும். கொடைக்கானல் எஃப்எம் 100.5ல வருது, அது உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆன்டெனா லைன்ல பேண்ட் மாத்துற சின்னப் பெட்டி போட்டா ஓரளவு வரும், ஆனா ஸ்க்ரீன்ல காட்டுற நம்பர் வேறயா இருக்கும். மேப்பும் ஜப்பான் மேப். சில செட்டுகள் பேட்டரியைக் கழற்றி மாட்டினதும் பூட்டிக்கிட்டு கோட் கேட்கும். மச்சான் அன்பாக் கொடுத்ததை வேண்டாம்னு சொல்ல மனசு வராது, புரியுது. வீட்டுல பத்திரமா வையுங்க, வண்டிக்கு வேற வாங்குங்க.

புது செட் போட்டதுல இருந்து கொடை எஃப்எம் இரையுது. – கண்டனூர்

ஆன்டெனா ஜாக்குக்குப் பக்கத்துல நீல வயர் ஒண்ணு தொங்குதான்னு பாருங்க. இப்ப வர்ற குட்டி ஆன்டெனாவுக்குள்ள பூஸ்டர் இருக்கு, அதுக்கு 12 வோல்ட் அந்த வழியாத்தான் போகணும். பத்துல ஏழு வண்டியில அதை இணைக்க விட்டுடுறாங்க. அதோட, கண்ணாடியில சொருகின மலிவு டேஷ்கேம் சார்ஜரும் எஃப்எம்மைக் கெடுக்கும். அதைப் பிடுங்கிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

ரிவர்ஸ் கேமராவை மாத்தினேன். கியர் போட்டா நீலத் திரைதான் வருது.

கேமரா படம் அனுப்புறதுல ரெண்டு வகை, தெளிவு கூடுதலான ஏஹெச்டி, பழைய சிவிபிஎஸ். உங்க கேமரா ஏஹெச்டி, செட்டு சிவிபிஎஸ்ல நிக்குது, இல்லைன்னா தலைகீழா. செட்டிங்ஸ்ல கேமரா வகையை மாத்தினா வந்துடும். அப்பவும் வரலைன்னா மஞ்சள் ஆர்சிஏ பின் லூஸா இருக்கும். ஸ்க்ரீன்ல வர்ற வழிகாட்டிக் கோடுகளை மட்டும் நம்பி வண்டியைப் பின்னாடி எடுக்காதீங்க. நம்ம தெருக்கள்ல வீட்டுத் திண்ணைப் படி வெளியே நீட்டிக்கிட்டிருக்கும், ஓரத்துல இருக்கிற படி கேமராவுக்குள்ள வராது. செம்மண் புழுதி வேற லென்ஸை மூடிடும், வண்டி துடைக்கும்போது அதையும் ஒரு துடை.

ஓட்டும்போதே முன்னாடி படம் ஓடுற மாதிரி ஹேண்ட் பிரேக் வயரை எர்த்துல போட்டுத் தருவீங்களா?

தரமாட்டேன். யார் கேட்டாலும் தரமாட்டேன். அந்த வயர் ஹேண்ட் பிரேக் போட்டாத்தான் வீடியோ வரணும்னே வச்சிருக்கு. கையில வச்சுப் பயன்படுத்துற போனைக்கூட வண்டி ஓட்டும்போது வழி பார்க்க மட்டும்தான், அதுவும் கவனம் சிதறாம, பயன்படுத்தலாம்னு 2020 அக்டோபர்ல இருந்து விதி இருக்கு. திருமயம் ரோட்டுல பொழுது சாயுற நேரத்துல மாடு எங்கே இருந்து வரும்னு தெரியாது. குழந்தைகளுக்குப் படம் வேணும்னா பின் சீட்டுக்குத் தனி ஸ்க்ரீன் மாட்டித் தர்றேன்.

வாரண்டியும் இன்சூரன்ஸும் போயிடுமா? – சிவகங்கை

கப்ளர் வழியா மாட்டினா இன்ஜின், கியர்பாக்ஸுக்கு வாரண்டி மறுக்க நியாயம் இல்லை. வயரை வெட்டியிருந்தா எலக்ட்ரிகல் சம்பந்தமா எது வந்தாலும் உங்க தலையிலதான் விழும். இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, நீங்க வெளியில மாட்டின செட்டு பாலிசியில தானா சேராது. அதோட மதிப்பைச் சொல்லி, அந்த மதிப்புல வழக்கமா 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கணும். 20,000 ரூபாய் செட்டுக்கு வருஷத்துக்கு 800 ரூபாயும் வரியும். அதுக்கு பில் வேணும். பில் வேண்டாம், விலையைக் குறைச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா இதை நினைச்சுக்குங்க.

போன வருஷ மாடல் வண்டி. ஏசியே ஸ்க்ரீன்லதான் இருக்கு. இதைவிடப் பெருசு மாட்டலாமா?

அதைத் தொடாதீங்க. ஏசி, கேமரா, வண்டியோட செட்டிங்ஸ் எல்லாம் அந்தத் திரைக்குள்ள இருக்கும்போது அதைக் கழற்றினா பாதி வசதி போயிடும். வயர் இல்லாம கார்ப்ளே வேணும்னுதான் கேட்கிறீங்கன்னா, யுஎஸ்பி துளையில சொருகுற சின்ன அடாப்டர் போதும்.

கழற்றின கம்பெனி செட்டை என்ன பண்றது? கடையில கேட்கிறாங்க. – புதுவயல்

கொடுக்காதீங்க. வண்டியை விற்கும்போது வாங்குறவர் கேட்பார், செட் ரிப்பேருக்குப் போனா நீங்களே கேட்பீங்க. ஸ்க்ரூவை எல்லாம் ஒரு சின்னக் கவர்ல போட்டு செட்டோடவே டேப்பால ஒட்டி, பழைய துணியில சுத்தி, ஈரம் படாத பரண்ல வையுங்க. ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன் மாதிரி சில வண்டிகள்ல செட்டைக் கழற்றி மறுபடி மாட்டினா ரேடியோ கோட் கேட்கும். கழற்றுறதுக்கு முன்னாடியே மேனுவலோட வந்த அட்டையைத் தேடி, அந்த கோட் நம்பரை ஆர்சி புத்தகத்தோட ஜெராக்ஸ்ல எழுதி வச்சுடுங்க.