அரைப் பக்கத்தில் வறண்டுபோகும் எம்பரர்

அரைப் பக்கம் எழுதியதும் உங்கள் நமிக்கி எம்பரர் மைப்பேனா வறண்டுவிடுகிறது, கழுவியும் பயனில்லை என்கிறீர்கள். நிப்பில் கை வைத்துவிடாதீர்கள்! பேனாவின் பின்முனையில் ஒரு குமிழ் இருக்கிறதல்லவா? அது உள்ளே ஒரு தண்டால் மைத்தொட்டியை அடைத்துவைக்கிறது. எழுதும்போது அதைத் திருகி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே விடுங்கள். குமிழை மூடியே எழுதினால், ஃபீடில் (நிப்புக்கு மை கொண்டுவரும் அடிப்பகுதி) இருக்கும் மை தீர்ந்ததும் நின்றுவிடும், அவ்வளவுதான். எழுதி முடித்ததும் மறக்காமல் மூடுங்கள்.

அப்புறம், மை குறைந்துவிட்டால் காலியாகும்வரை காத்திருக்காமல் நிரப்பிவிடுங்கள். கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து தாளில் சொட்டு விழும். இவ்வளவு பெரிய தொட்டிக்கு அதுதான் தொல்லை.

கழுவும்போது பேனாவின் உடலை நீரில் ஊறவைக்க வேண்டாம். அதன் மேல் இருப்பது உருஷி என்ற ஜப்பானிய மரப்பால் பூச்சு, நம் அரக்கு அல்ல; அதற்கு வெயிலும் ஆகாது.