நெரிசலில் மினுக்கும் ஆயில் விளக்கு: சென்சரை மாற்றலாமா?

பிறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “வேலைக்காகத் தினமும் பினாங்குப் பாலம் வழியாகப் பாயான் லெப்பாஸ் போகிறேன். மாலை நெரிசலில் கார் நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது. எக்சலரேட்டரை மிதித்தால் அணைந்துவிடுகிறது. காலையில் வருவதே இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது. சென்சரை மாற்றினால் போதும் என்கிறார் பட்டறைக்காரர். மாற்றலாமா?”

அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள். அந்த சென்சர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பட்டறைக்காரர் சென்சர் என்பது, விளக்கை எரிய வைக்கும் ஒரு எளிய சுவிட்ச்தான். உள்ளே ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஆயில் அழுத்தம் சவ்வைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை விளக்கு எரியாது. பெரும்பாலான கார்களில் அழுத்தம் 0.3 முதல் 0.5 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே போனால்தான் எரியும். அதாவது, எஞ்சினில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு ஆயிலைத் தள்ளும் அழுத்தமே ஏறக்குறைய இல்லாத நிலை அது.

காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும். மாலை நெரிசலில் சூடேறி இளகிவிடும், ஐடிலில், அதாவது எக்சலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, ஆயில் பம்பும் மெதுவாகச் சுற்றும். பேரிங் தேய்ந்திருந்தால் இருக்கிற அழுத்தமும் இடைவெளி வழியே போய்விடும். மிதித்தால் பம்ப் வேகமெடுத்து ஈடுகட்டுகிறது.

சரி, முள் நடுவில் நிற்கிறதே? அது பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும், ஆயிலின் சூட்டை அல்ல. அந்தச் சூட்டைக் கணக்கிடும் கணினி, பல கார்களில் சூடு சற்று ஏறி இறங்கினாலும் முள்ளை நடுவிலேயே நிறுத்திவைக்கிறது. அதை நம்பி ஆயிலை எடைபோட முடியாது.

முதலில் சமதளத்தில் எஞ்சினை அணைத்து, சில நிமிடம் கழித்து ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால், சுவிட்சைக் கழற்றி அதே துளையில் அழுத்தத்தை நேராக அளக்கும் மெக்கானிக்கல் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் அளக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐடிலில் ஒரு பார் அளவில் நின்றால் சுவிட்சைத் தாராளமாக மாற்றலாம். வயர் கனெக்டருக்குள் ஆயில் ஊறியிருந்தாலும் சுவிட்ச் போய்விட்டது என்றே பொருள், ஆனால் அப்போதும் அளந்துவிடுங்கள். கேஜிலும் அழுத்தம் விழுந்தால் ஆயில் கிரேடு, அடைத்த வடிகட்டி, பம்ப், பேரிங் என்று தேட வேண்டும். அதுவரை அந்தக் காரில் பாலம் ஏறாதீர்கள். ஓட்டும்போது விளக்கு அணையாமல் எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள்.

சுவிட்ச் மாற்றினால் மரையில் கசிவு தடுக்கும் டேப்பைக் கண்டபடி சுற்ற விடாதீர்கள். ஒற்றை வயர் சுவிட்சுக்கு எஞ்சின் உடம்புதான் எர்த், அது தடைப்பட்டால் ஆபத்திலும் விளக்கு எரியாது. மாட்டியதும் சாவியை மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள்: விளக்கு எரிய வேண்டும்.